பேசக் கூடாத நாள்

பாட்டு எழுதியாகிவிட்டது, ஒலிப்பதிவுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. நாத்தனாரிடம் மட்டும் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. அந்தத் தவிப்போடுதான் போன வாரம் பாட்டக்காவை விட்டுவிட்டு வந்தோம்.

இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. இருபத்திரண்டு வருஷமாகத் திருச்சபையில் பாட்டு நடத்துகிறவள் அவள். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டும் போடுகிறவள். அதனால் சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் ‘பாட்டக்கா’. முந்தின வருஷம் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் கட்டி போனது, கூடவே குரலும் போனது. ஏழு மாதம் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எட்டாவது மாதம் திரும்பி வந்த குரலை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கரகரவென்று, கனமாக, பழைய உயரத்துக்கு எட்டாமல் கீழேயே நின்றது.

அந்தக் குரலில்தான் இன்று பாடப் போகிறாள். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பாடுகிற நாளில் பாடுவதற்கு மட்டும்தான் குரல். காலையில் எழுந்ததிலிருந்து ஒரு சொல்கூடப் பேசக் கூடாது.

எனவே அடுப்படியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தவளிடம், அவள் கணவர் தானே கேள்வியும் கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இன்றைக்கென்று லீவு போட்டிருந்தார்.

“தொண்டை எப்படி இருக்கு? நல்லா இருக்கு. பயமா இருக்கா? கொஞ்சம் இருக்கு. குட்டிம்மாகிட்ட சொல்லிட்டியா?”

துண்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

“சொல்லலை” என்றார் அவரே.

குட்டிம்மா என்பது அவருடைய தங்கை. வயது முப்பத்தெட்டு ஆனாலும் அண்ணனுக்குக் குட்டிம்மாதான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கணவர் பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து இறந்துபோனார். அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று ஜெபித்தவள், அடக்கம் முடிந்த பிறகு சபைப் பக்கம் வரவேயில்லை. யாரோடும் சண்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் கிளம்பும்போது, வீட்டுத் துணி மொத்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவாள். அவ்வளவுதான்.

பாட்டக்கா துண்டை விலக்கினாள். முகமெல்லாம் வியர்வை. பக்கத்திலிருந்த நோட்டை இழுத்து எழுதினாள்: ‘சாயங்காலம் சொல்றேன்.’

“பாடி முடிச்சுட்டா? லிஃப்ட்டை ஓட விட்டுட்டு அப்புறமா கயிறு மாட்டற மாதிரி இருக்கு நீ சொல்றது.”

‘நீங்க சொல்லுங்களேன்.’

“நானா? அவ ஒரு பார்வை பார்த்தா நான் கிரவுண்ட் ஃப்ளோருக்குப் போயிடுவேன்.”

அதற்குள் நாத்தனார் கைப்பையோடு வந்து நின்றாள். “கிளம்பலாமா அண்ணி? நோட்டு, ரெண்டு பேனா, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் எடுத்தாச்சு. அண்ணா, பின்சீட்ல இருக்கற டூல்பாக்ஸை இறக்கி வைங்க. லீவு நாள்ல அது எதுக்கு?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். உன்னை என்ன பண்ணுது?”

ஏழு மாத ஊமைக் காலத்தில் அண்ணிக்கு வாயாக இருந்தவள் நாத்தனார்தான். டாக்டரிடம், தொலைபேசியில், வாசலுக்கு வந்தவர்களிடம், எங்கேயும் அண்ணி எழுத எழுத இவள் வாசிப்பாள். அந்தக் கிறுக்கல் வேறு யாருக்கும் புரியாது. இன்றும் அந்த வேலைக்குத்தான் கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறாள். பாட்டை அவள் கேட்டதில்லை. பாட்டக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கீபோர்டில் மெட்டுப் போட்டாள். அதற்குக் காரணம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்குமே என்பது மட்டும் இல்லை.

*

ஒலிப்பதிவுக் கூடம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும் கணவரின் நடை தானாக மெதுவானது.

“அண்ணா, வேண்டாம்” என்றாள் தங்கை.

“சும்மா பார்க்கறேன். நீங்க ஏறுங்க.”

அவர்கள் முதல் மாடி திரும்புவதற்குள், பின்சீட்டில் இருந்த டூல்பாக்ஸ் திறக்கிற சத்தம் கேட்டது.

கூடத்தை நடத்துகிறவரை எல்லாரும் ‘காதுக்காரர்’ என்பார்கள். அடுத்த தெருவில் பூட்டுத் திறந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும் என்று பேச்சு. பக்திப் பாடல்கள் மட்டுமே பதிவு செய்வார். வெளியிடுவதும் அவரே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவருடைய பொத்தான் மேஜை. அந்தப் பக்கம் கறுப்புப் பஞ்சு ஒட்டிய அறை, நடுவில் மைக். மைக்கிலிருந்து நாலடி தள்ளிப் புல்லாங்குழல்காரர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, பேசாத மனிதர். பாட்டக்காவுக்காகச் சுருதியை இறக்க வேண்டியிருந்ததால், வழக்கத்தைவிட நீளமான குழல் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்திருந்தார்.

“எங்கே அக்கா, ஒரு தடவை சொல்லிப் பாருங்க, ஒன் டூ த்ரீ” என்றார் காதுக்காரர்.

“அண்ணி பேச மாட்டாங்க. நான்தான் பேசுவேன்” என்றாள் நாத்தனார்.

அதன்பிறகு ஒரு மணி நேரம் அவள் ராஜ்யம்தான். “அண்ணி சொல்றாங்க, ஹெட்போன்ல அவங்க குரல் அதிகமா வருதாம்.” “அண்ணி சொல்றாங்க, காபி வேண்டாமாம்.” “அண்ணி சொல்றாங்க, நீங்க சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்களாம்.”

கடைசியில் சொன்னதைப் பாட்டக்கா எழுதவே இல்லை. காதுக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டு பட்டனைச் சரிசெய்தார்.

பல்லவி நன்றாக வந்தது. முதல் சரணம் இரண்டாவது முறையில் சரியாக அமைந்தது. ‘இருட்டு அறையில் நீர் இருந்தீர், இருப்பது தெரியாமல் நான் அழுதேன்’ என்ற இடத்தில், பழைய பாட்டக்கா என்றால் குரலை மேலே வீசியிருப்பாள். இப்போது வீச முடியாது. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் சொல்வதுபோலப் பாடினாள். அப்படிப் பாடுவது அவளுக்கே பிடித்திருந்தது. பழைய குரலை ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இந்தக் குரல் பக்கத்தில் வந்து உட்காருகிறது. ஆண்டவரே, இதற்குத்தான் அதை எடுத்துக்கொண்டீரா என்று கேட்க நினைத்து, சரி, வேலை முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

“மேல கொஞ்சம் எட்டலை. மெஷின்ல தூக்கிடட்டுமா?” என்றார் காதுக்காரர்.

பாட்டக்கா தலையை ஆட்டினாள். வேண்டாம்.

“சரி, உங்க இஷ்டம். ஆனா ரெண்டாவது சரணத்துல ஒரு வரி எனக்கு இடிக்குது அக்கா.” பாட்டுத் தாளை எடுத்தார். “‘வாசலில் நின்றேன், வழியெல்லாம் தேடினேன். கூப்பிட்டேன் கூப்பிட்டேன், உமக்குக் கேட்கவில்லை.’ இதை எப்படி வெளியிடறது? ஆறுதல் தேடி வர்ற ஜனங்ககிட்ட, ஆண்டவருக்குக் காது கேக்கலைன்னு பாடினா என்னைச் சும்மா விடுவாங்களா? அந்த வரியை மட்டும் மாத்திக் குடுங்க.”

பாட்டக்கா அறையை விட்டு வெளியே வந்து நோட்டில் எழுதினாள். நாத்தனார் வாசித்தாள்: “மாத்த மாட்டேன்.”

“ஏன்னு கேக்கறேன்.”

“அண்ணி சொல்றாங்க, அது ஜோடிச்சு எழுதினது இல்லையாம். ஒரு மனுஷி நிஜமாவே வாய்விட்டுச் சொன்னதாம்.”

காதுக்காரர் முகம் மலர்ந்தது. “அப்படியா! யாரு அது? முன்னாடி அதையே ஒரு சாட்சியாச் சேர்த்துடலாமே. இப்படிச் சொன்னவங்க அப்புறம் எப்படி மனம் தேறினாங்கன்னு ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லலாம்.”

பேனா தாளில் நின்றது.

‘நான்தான்’ என்று எழுதிவிடலாம். நாலு எழுத்து. யாருக்கும் சந்தேகம் வராது, ஏழு மாதம் கஷ்டப்பட்டவள்தானே. ‘நா’ என்று எழுதியும்விட்டாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. தேவனுக்கென்று பாடுகிற பாட்டுக்கு நடுவில் ஒரு பொய்யை எழுதிவிட்டு, திரும்பிப் போய் அந்த மைக் முன்னால் எப்படி நிற்பது?

‘நா’வை அடித்தாள். கீழே வேகமாக எழுதி நோட்டை நாத்தனார் பக்கம் திருப்பினாள்.

முன்கூட்டிப் பார்க்காமல் எழுத எழுத வாசித்தே பழக்கப்பட்டவள் நாத்தனார். கணீரென்று ஆரம்பித்தாள். “அண்ணி சொல்றாங்க, நீதான் சொன்னே. அடுக்களையில, கேரட் சீவும்போது. உன்கிட்ட கேக்காம நான்...”

நிறுத்தினாள்.

நாத்தனார் மீதியை மனதுக்குள் வாசித்தாள். நோட்டைப் பொத்தான் மேஜை மேல் மெதுவாக வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

*

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படியில் உட்கார்ந்திருந்தாள். பாட்டக்கா இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் நோட்டு இல்லை, மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“தப்பு பண்ணிட்டேன்” என்றாள்.

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். “அண்ணி! பேசாதீங்க. இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கு.”

“இருக்கட்டும்.”

“டாக்டர் என்ன சொன்னார்? பேசினா அப்புறம் பாட வராது. பேசாதீங்க, நான் அப்புறம் கேட்டுக்கறேன்.”

“இதை எழுதிக் காட்ட முடியாது.” பாட்டக்கா ஒருமுறை செருமினாள். “அன்னிக்கு நீ அந்தப் பதினோரு நாளைப் பத்திச் சொன்னப்போ எனக்குக் குரல் இல்ல. இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்? உடனே ஆறுதல் சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் சொல்ற அதே நாலு வார்த்தை. நீயும் சரின்னு தலையாட்டிட்டு எழுந்து போயிருப்பே. வாய் வராததால உக்காந்து கேட்டேன். இத்தனை வருஷத்துல நான் ஒருத்தர் பேசினதை முழுசாக் கேட்டது அன்னிக்குத்தான். ராத்திரியெல்லாம் அதுவே ஓடிச்சு. எழுதிட்டேன். எழுதினதும் உன்கிட்ட வந்திருக்கணும். பயந்துட்டேன். நீ வேண்டாம்னா அந்தச் சரணமே வேண்டாம். இப்பவே கிழிச்சுடறேன்.”

கடைசிச் சொற்களில் குரல் உதிர்ந்து காற்றாகிவிட்டது.

கீழே லிஃப்ட் குழியிலிருந்து டங் டங்கென்று தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

“பாட்டுல வச்சதுக்குக் கோவம் இல்ல அண்ணி” என்றாள் நாத்தனார். “சாட்சியாப் பேசணும்னாரே, அதுக்கு வேணா அவரை நாலு கேக்கலாம். மனம் தேறினதை எப்படிச் சொல்றது, தேறினாத்தானே? எனக்குக் கோவம் என்னன்னா, நீங்க தப்பா எழுதியிருக்கீங்க.”

பாட்டக்கா புரியாமல் பார்த்தாள்.

“அவருக்குக் காது கேக்கலைன்னு நான் சொல்லவே இல்ல. நல்லா ஞாபகம் இருக்கு. கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தாரேன்னுதான் சொன்னேன். கேக்காத ஆள்கிட்ட யாராவது ரெண்டு வருஷம் கோவிச்சுக்குவாங்களா? பக்கத்துல இருந்துக்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலையேன்னுதான் எனக்கு வலிக்குது. நீங்க அதைச் செவிடுன்னு எழுதிட்டீங்க. அது வேற, இது வேற.”

பாட்டக்காவின் உதடு அசைந்தது. அந்த மெட்டில் சொற்களை மாற்றி வைத்துப் பார்க்கிறாள் என்று நாத்தனாருக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாகச் சிரிப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறவள், இப்போது யோசிக்காமல் சிரித்துவிட்டாள். “பாருங்க, இங்கேயே ஆரம்பிச்சாச்சு.”

“அங்க யாரு பேசறது?” லிஃப்ட் குழியிலிருந்து குரல் எதிரொலித்தது. “ரெண்டு குரல் கேக்குது! அவ பேசக் கூடாதே!”

“உங்க வேலையைப் பாருங்கண்ணா!” என்று கத்தினாள் தங்கை.

இரண்டாம் மாடி லிஃப்ட் கதவு ஒரு சாண் விலகியது. கிரீஸ் அப்பிய முகம் ஒன்று எட்டிப் பார்த்து, மனைவியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தது. இருவரும் தோள் உரச உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டது.

*

“கூப்பிட்டேன் கூப்பிட்டேன், கேட்டும் நீர் பேசவில்லை.” காதுக்காரர் திருத்திய தாளை வாசித்தார். மறுபடி வாசித்தார். “இது பரவாயில்ல. காது கேட்டுச்சுன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல. இனிமே யாரும் என்னைக் கேக்க முடியாது.”

“ஒத்துக்கலை. குறை சொல்லியிருக்கேன்” என்றாள் நாத்தனார். “சாட்சி, கீட்சின்னு ஒண்ணும் முன்னாடி சேர்க்கக் கூடாது. யாரு சொன்னதுன்னும் வெளியில வரக் கூடாது.”

“வராது சிஸ்டர். எனக்குக் காதுதான் பெருசு, வாய் சின்னது.”

கீழே தட்டுகிற சத்தத்தை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பாட்டக்கா இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். படிக்கட்டில் செலவழித்தது போகக் குரல் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ‘இருக்கிறதை எடுத்துக்கொள்ளும்’ என்று மட்டும் ஜெபித்தாள். கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

குழல் முதலில் போனது. பின்னாலேயே அவள் போனாள்.

முதல் வரி பிடித்துக்கொண்டது. ‘கூப்பிட்டேன்’ என்ற முதல் சொல்லும் நின்றது, இரண்டாவதும் நின்றது. ‘கேட்டும்’ என்ற இடத்தில் குரல் இரண்டாக உடைந்தது. பாதி ஒலி, பாதி காற்று. காதுக்காரரின் கை நிறுத்தச் சொல்லி உயரப் போனது. ஆனால் குழல்காரர் நிறுத்தவில்லை. உடைந்த இடத்துக்குக் கீழே ஒரு நீளமான ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் அதன்மேல் காலை ஊன்றுவதுபோல ஊன்றி, ‘பேசவில்லை’ என்பதை மிக மெல்லப் பாடி முடித்தாள். காதுக்காரரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

பல்லவி திரும்பியது. ‘இருக்கிறீர், இருக்கிறீர், அது போதும் எனக்கு.’ இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை பாடிய மாதிரி விசுவாசமான வரிதான். ஆனால் குறை சொல்லி முடித்த வாயோடு சொல்லும்போது, இதுவரை சொன்னதெல்லாம் பாதிதான் என்று தோன்றியது அவளுக்கு. உள்ளே ஏதோ இறங்கி, இடம் பார்த்து உட்கார்ந்தது. சந்தோஷம் என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் அது சந்தோஷமேதான்.

பாட்டு முடிந்தது. காதுக்காரர் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்தினார். “நல்லா வந்திருக்கு அக்கா. அந்த ‘கேட்டும்’ மட்டும் உடைஞ்சிருக்கு. அதை இன்னொரு தடவை எடுத்துடலாமா?”

பாட்டக்கா பேனாவைத் தேடினாள்.

“அண்ணி சொல்றாங்க, அப்படியே இருக்கட்டுமாம்” என்றாள் நாத்தனார்.

பாட்டக்கா தேடுவதை நிறுத்திவிட்டாள்.

*

லிஃப்ட் ஓடியது. கணவர் அதில் அவர்களை ஏற்றி, தானே பொத்தானை அழுத்தி, எப்படி என்பதுபோலப் பார்த்தார். சட்டை முழுக்கக் கிரீஸ். இந்தச் சட்டையை இஸ்திரி போட மாட்டேன் என்றாள் தங்கை.

“ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்னு ரெண்டு பேரும் நினைச்சுக்காதீங்க” என்றாள் அதே மூச்சில். “பாட்டு பாட்டோட.”

பாட்டக்கா நோட்டில் எழுதினாள்: ‘நினைக்கலை.’ சற்று யோசித்து, கீழே சேர்த்தாள்: ‘என்னோட நீலப் புடவையும் இஸ்திரிக்கு இருக்கு.’

“அதான் தெரியுமே” என்றாள் நாத்தனார்.

வண்டி நிறுத்துமிடத்தில் நாலு மணி வெயில். கணவர் டூல்பாக்ஸைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ வேகமாகப் படியிறங்கி வந்தார். புல்லாங்குழல்காரர். குழல் உறை தோளில் ஆடியது. மூச்சு வாங்கியது. புல்லாங்குழல்காரருக்கு மூச்சு வாங்குவதைப் பாட்டக்கா முதல்முறையாகப் பார்த்தாள்.

“லிஃப்ட்தான் ஓடுதே சார்” என்றார் கணவர், மனம் புண்பட்டு.

“கவனிக்கலை.” அவர் பாட்டக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நாத்தனார் முன்னால் போய் நின்றார். காலையிலிருந்து அவர் பேசி இப்போதுதான் எல்லாரும் கேட்கிறார்கள். “அந்த வரியை நீங்கதான் திருத்தினீங்க இல்லையா?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலை. ஹெட்போன்ல எல்லாம் கேட்டுக்கிட்டு நான் அங்கதானே இருந்தேன்.” சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். “என்கிட்ட ஒரு மெட்டு இருக்கு. ரொம்ப நாளா வார்த்தை இல்லாமக் கிடக்குது. நாலஞ்சு பேர்கிட்ட குடுத்தேன். எல்லாரும் ஸ்தோத்திரம்னு ஆரம்பிச்சுடறாங்க. இது அப்படி ஆரம்பிக்கற மெட்டு இல்ல.”

“எனக்குப் பாட்டெல்லாம் எழுதத் தெரியாதுங்க. நான் லென்ஸ் தேய்க்கறவ.”

“எழுத வேண்டாம். கேட்டுட்டு, என்ன தோணுதோ அதைச் சொன்னாப் போதும். ஒண்ணும் தோணலைன்னாலும் சொல்லுங்க.”

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி வேண்டுமென்றே நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் வண்டியின் பின்பக்கம் போய், சரியாக இருந்த டயர் ஒன்றைக் குனிந்து சோதித்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

சாலையில் பேருந்துகள் போயின. அவள் இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மெட்டு முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் அவள் போனைக் கீழே இறக்கவில்லை.

“இதை எங்க உக்காந்து வாசிச்சீங்க? ஆஸ்பத்திரி வராந்தாவிலயா?” என்றாள்.

அவர் தோளிலிருந்த குழல் உறையை இழுத்து விட்டுக்கொண்டார்.

“சரி, அப்புறம் சொல்லுங்க. இப்போ முதல்லேருந்து இன்னொரு தடவை போடுங்க.”